இறக்கைப் படபடப்புக் கோட்பாட்டின் வரலாறு

படபடப்பு என்பது பறக்கும் வானூர்தியின் இறக்கையோ வாலோ காற்றோட்டத்திலிருந்து ஆற்றலைப் பெற்று, மேன்மேலும் வலுத்து அதிரும் நிலை ஆகும். ஆங்கிலத்தில் இது பிளட்டர் எனப்படுகிறது. இவ்வதிர்வு அடங்காவிட்டால் சில நொடிகளில் இறக்கையே முறிந்துவிடலாம்.

முதல் உலகப்போரின்போது, 1916 இல், பிரித்தானியாவின் ஆண்ட்லி பேஜ் குண்டுவீச்சு வானூர்தி ஒன்றின் வால் பறக்கையில் கடுமையாக அதிர்ந்தது. இதனை ஆராய்ந்தவர் பிரெடெரிக் லான்செஸ்டர். வானூர்தியின் மூக்கை ஏற்றி இறக்கும் இரு உயர்த்திகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல், எதிரெதிராக அசைந்ததை அவர் கண்டறிந்தார். இரண்டையும் உறுதியான குழாயால் இணைப்பதே அவர் கூறிய தீர்வு.

பின்னர் 1928 இல் பிரேசர், டங்கன் ஆகிய இருவரும் இறக்கைப் படபடப்பு பற்றிய விரிவான ஆய்வை இங்கிலாந்தில் வெளியிட்டனர். ஆயினும், அசையும் இறக்கையின் மீது காற்று செலுத்தும் விசையைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினமாகவே இருந்தது.

நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் லாங்லி ஆய்வகத்தில் பணியாற்றிய தியோடர் தியோடர்சன், 1935 இல் இதற்குத் தீர்வு கண்டார். அதிரும் இறக்கை தனக்குப் பின்னால் சுழல்களை விட்டுச் செல்கிறது. அச்சுழல்கள் ஏற்றவிசையின் அளவைக் குறைப்பதோடு, அது இறக்கையின் அசைவுடன் ஒத்துச் செல்லாதவாறும் செய்கின்றன. இவ்விளைவைக் கணிக்கும் வாய்பாடு தியோடர்சன் சார்பு எனப்படுகிறது.

இறக்கையை வலுவாகக் கட்டினால் மட்டும் போதாது. கட்டமைப்பின் மீட்சியையும் காற்றின் ஓட்டத்தையும் ஒன்றாகவே கணக்கிட வேண்டும் என்பதை இவ்வாய்வுகள் நிலைநாட்டின. காற்றுமீட்சியியல் என்ற துறைக்கு அவை அடித்தளமாயின.