கேரள காவலர்களின் மனநலம்: ஆலோசனை மையம் மட்டும் போதுமா?

திருவனந்தபுரம்: கேரளத்தில் 2019 ஜனவரி முதல் 2023 செப்டம்பர் வரை காவல் துறையினர் 69 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் துறை திரட்டிய தகவல்கள் தெரிவிக்கின்றன. இவற்றில் 30 மரணங்களுக்குக் குடும்பப் பிரச்னைகளும், 20 மரணங்களுக்கு மனச்சோர்வும் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. பணி அழுத்தம் என்று குறிக்கப்பட்டவை 7 மட்டுமே.

இந்தப் பகுப்பை அப்படியே ஏற்பது கடினம். தலைநகரில் தலைமைச் செயலகத்தின் முன் நடைபெறும் போராட்டங்கள் முதல் ஆற்றுக்கால் பொங்கல் வரை அனைத்துக்கும் பாதுகாப்புப் பணி உண்டு. இரவு ரோந்து முடித்தவர் மறுநாள் நீதிமன்றம் செல்ல நேரும். கேட்ட விடுப்பு கடைசி நேரத்தில் ரத்தாகும். இத்தகைய வாழ்க்கையில் வீட்டுச் சிக்கலைப் பணியிலிருந்து தனியே பிரித்துவிட முடியாது.

மன அழுத்தத்துக்கு உள்ளாகும் காவலர்களுக்காக பேரூர்க்கடை சிறப்பு ஆயுதப் படை முகாமில் ‘ஹாட்ஸ்’ என்ற ஆலோசனை மையம் செயல்படுகிறது. எனினும், காவல் வளாகத்துக்குள்ளேயே அமைந்த மையத்துக்குச் செல்வதைச் சக காவலர்கள் கவனிப்பார்களோ, பதவி உயர்வு பாதிக்கப்படுமோ என்ற தயக்கம் எழுவது இயல்பு. சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே அளிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றும், தண்டிக்கக் கூடாது என்றும் அச்சட்டத்தின் 115-ஆவது பிரிவு கூறுகிறது.

தீயணைப்பு வீரர்களின் சுமை வேறு வகையானது. 2024 ஜூலை 13-இல் திருவனந்தபுரம் ரயில் நிலையம் அருகே ஆமயிழஞ்சான் கால்வாயைத் தூய்மைப்படுத்திய தொழிலாளி நீரில் அடித்துச் செல்லப்பட்டார். தண்டவாளங்களுக்கு அடியில் குப்பை அடைத்த இருண்ட சுரங்கப் பாதைக்குள் மூழ்கி நீச்சல் வீரர்கள் அவரைத் தேடினர். உடல் கிடைத்தது ஜூலை 15-இல். அடுத்த இரு வாரங்களில், ஜூலை 30-இல், வயநாடு நிலச்சரிவு நேரிட்டது. இத்தகைய மீட்புப் பணிகளுக்குப் பிறகு உறக்கமின்மை, கண்ட காட்சி மீண்டும் நினைவில் எழுதல், காரணமற்ற எரிச்சல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவ உதவி தேவைப்படும்.

அண்டை மாநிலமான தமிழகம், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து காவலர் நல்வாழ்வுப் பயிற்சியை நடத்தியது. 2021-இல் காவலர்களுக்கு வார விடுமுறை அளித்தும் உத்தரவிட்டது. ஆலோசனையைக் காட்டிலும் அந்த ஒரு நாள் ஓய்வே பலருக்கு முதல் மருந்து. ஆனால், ஆள் பற்றாக்குறை உள்ள நிலையங்களில் உத்தரவு தாளில் நின்றுவிடும் ஆபத்து இரு மாநிலங்களுக்கும் பொதுவானது.

மன அழுத்தத்தில் உள்ளோரும் அவர்களது குடும்பத்தினரும் மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ சேவையை 14416 என்ற எண்ணிலும், கேரள அரசின் ‘திஷா’ சேவையை 1056 என்ற எண்ணிலும் தொடர்புகொள்ளலாம்.