ஒரு தேதியின் கதை

திருவண்ணாமலையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். 2024 டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை. வாசலில் வாழை மரம் இல்லை, மேளம் இல்லை. ஆனால், உள்ளே ஒரு கல்யாணத்துக்கு உண்டான அத்தனை சத்தமும் இருந்தது!

"டேய்... நீ இன்னும் இருக்கியா?" என்று ஒரு தாத்தா கேட்க, "உனக்கு மாலை போட்டுட்டுத்தான்டா போவேன்!" என்று இன்னொரு தாத்தா சொல்ல, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும்.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் வருடாந்திரக் கூட்டம் அது. நண்பர் ஒருவரின் அப்பாவுக்குத் துணையாக நான் போயிருந்தேன். முந்தின நாள்தான் மார்கழி பிறந்திருந்தது. கம்பளிக் குல்லா, மஃப்ளர், கைத்தடி, பி.பி. மாத்திரை சகிதமாக செங்கம், போளூர், ஆரணி என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

முதலில் மௌன அஞ்சலி. கடந்த ஒரு வருடத்தில் காலமான சகாக்களின் பெயர்களைச் செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். பெயரோடு கடைசியாக வேலை பார்த்த ஊரும் சேர்ந்து வந்தது. அந்த மாதம் 1ம் தேதி பெய்த பேய் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து பலியான ஏழு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஆண்டறிக்கை, வரவு - செலவு, 'டீ செலவு ஏன் இவ்வளவு?' என்று ஒரு சின்ன சண்டை... எல்லாம் முறைப்படி நடந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் குளிரில் வயசானவர்களை ஏன் படுத்த வேண்டும்? பொங்கல் லீவில் வைத்தால் என்ன? பக்கத்தில் உட்கார்ந்திருந்த 84 வயதுப் பெரியவரிடம் கேட்டேன்.

"தம்பி, நகாரா தெரியுமா?" என்றார்.

"கோயில்ல அடிக்கிற முரசுதானே ஐயா?"

"அது கோயில்ல அடிக்கிறது. இது டெல்லியில அடிச்சது!" என்று சிரித்தார்.

அந்த நகாராவின் கதையைச் சொல்வதற்கு முன்னால், கொஞ்சம் ரோமாபுரி வரைக்கும் போய்விட்டு வந்துவிடலாம்.

கி.பி. 6. ரோமானியச் சக்கரவர்த்தி அகஸ்டஸுக்கு ஒரு தலைவலி. இருபது வருஷம் போர்க்களத்தில் கிடந்த சிப்பாய், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவானா? அதுவரை, "ஜெயித்தால் உனக்கு நிலம்" என்று தளபதிகள்தான் வாக்குக் கொடுத்துவந்தார்கள். விளைவு? சிப்பாய்கள் அரசுக்கு விசுவாசமாக இல்லாமல் தளபதிக்கு விசுவாசமாக இருந்தார்கள். உள்நாட்டுப் போர்களே நடந்தன! அகஸ்டஸ் ஒரு தனிக் கஜானா திறந்தார். பரம்பரைச் சொத்து வாங்குகிறவர்கள் மீது 5 சதவிகித வரி. அந்தப் பணத்திலிருந்து ஓய்வுபெறும் சிப்பாய்களுக்கு ஒரு மொத்தத் தொகை. பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அகஸ்டஸ் அசைந்துகொடுக்கவில்லை.

1889ல் ஜெர்மனியின் பிஸ்மார்க், தொழிலாளர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்ததும் அன்பு பொங்கி அல்ல. சோஷலிஸ்ட்டுகள் வளர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை! எழுபது வயது ஆகியிருந்தால்தான் பணம். அந்தக் காலத்தில் எழுபதைத் தொட்ட தொழிலாளிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில்? 1871ல் ஆங்கிலேயர்கள் ஒரு பென்ஷன் சட்டம் போட்டார்கள். அது என்ன சொன்னது தெரியுமா? கலெக்டரின் சான்றிதழ் இல்லாமல் பென்ஷன் விஷயமாக யாரும் சிவில் கோர்ட் படியேற முடியாது! அதாவது, பென்ஷன் என்பது ராஜா பார்த்துக் கொடுப்பது. கொடுத்தால் வாங்கிக்கொள். குறைத்தால் கும்பிடு போட்டுவிட்டுப் போ. சுதந்திரம் வந்த பிறகும் இந்த மனோபாவம் சுலபத்தில் போகவில்லை.

இப்போது நகாராவிடம் வருவோம்.

டி.எஸ்.நகாரா பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து, 1972ல் ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கணக்கோடு புழங்கிய மனிதர். 1979 மே 25ம் தேதி மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவுதான். அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துப் பென்ஷன் கணக்கிட்டார்கள். இனிமேல் கடைசி 10 மாதச் சராசரி போதும். முதல் 1,000 ரூபாய்க்கு 50 சதவிகிதம், அடுத்த 500 ரூபாய்க்கு 45 சதவிகிதம், அதற்கு மேல் 40 சதவிகிதம். உச்சவரம்பும் உயர்ந்தது. கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறதல்லவா?

ஆனால், கடைசியில் ஒரு வரி. 1979 மார்ச் 31 அன்றோ, அதற்குப் பிறகோ ஓய்வுபெறுகிறவர்களுக்கு மட்டும்!

அந்த வரி என்ன செய்தது என்பதை மண்டபத்துப் பெரியவர் சொன்னார். "எங்க போஸ்ட் மாஸ்டர் 78ல ரிட்டயர்டு. அவருக்குக் கீழே இருந்தவர் அடுத்த வருஷம் ரிட்டயர்டு. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்தான். ஆனா மேலே இருந்தவருக்குப் பென்ஷன் கம்மி, கீழே இருந்தவருக்கு ஜாஸ்தி! மாசாமாசம் பென்ஷன் வாங்க ரெண்டு பேரும் ஒரே க்யூவுலதான் நிப்பாங்க. போஸ்ட் மாஸ்டர் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசவே மாட்டார். பாவம், அந்த மனுஷன் என்ன தப்புப் பண்ணினார்?"

ஒரு தேதி, முப்பது வருட நட்பைப் பிரித்துவிட்டது.

நகாரா உச்ச நீதிமன்றம் போனார். ராணுவத்தில் ஓய்வுபெற்ற ஒருவரும், ஹெச்.டி.ஷோரி நடத்திய 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பும் கூடவே வந்தார்கள். தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள். "ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பு ஆக மாட்டார்கள், செலவும் தாங்காது" என்பது அரசுத் தரப்பு வாதம்.

1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி டி.ஏ.தேசாய். பென்ஷன் என்பது எஜமான் பார்த்துப் போடும் பிச்சை அல்ல. நல்ல காலத்தில் உழைத்தவனுக்கு முதுமையில் சேர வேண்டிய உரிமை. ஓய்வூதியர்கள் எல்லோரும் ஒரே வகுப்பு. ஒரு தேதியை வைத்து அவர்களை இரண்டாக வெட்டுவது அரசியல் சட்டத்தின் 14வது பிரிவு தரும் சமத்துவத்துக்கு விரோதம். இதுதான் தீர்ப்பின் சாரம். அந்தத் தேதி அடிபட்டுப்போனது. பழைய பாக்கி கிடையாது. ஆனால், 1979 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஒரே கணக்கு!

"தீர்ப்பு வந்து பணமும் வந்தப்புறம், போஸ்ட் மாஸ்டர் முதல் வேலையா அந்தப் பழைய சிநேகிதரைக் காபி கிளப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனார் தம்பி" என்றார் பெரியவர். நாடு முழுக்க டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம் ஆனது இப்படித்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் சுபம். பந்தியில் எனக்கு சாம்பார் ஊற்றியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். "நீங்களும் போஸ்ட் ஆபீஸா?" என்றேன். "ஆமா சார். 2006ல சேர்ந்தேன். எனக்கு இவங்க மாதிரி கிடையாது. நான் கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்று சிரித்துவிட்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ஆமாம், மறுபடி தேதி! தமிழக அரசு ஊழியர்களுக்கு 2003 ஏப்ரல் 1. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2004 ஜனவரி 1 (முப்படையினர் நீங்கலாக). அதற்குப் பின் சேர்ந்தவர்கள், சம்பளத்தில் பிடித்த பணத்தை நம்பியிருக்கும் பங்களிப்புத் திட்டத்துக்குள் போனார்கள். இருபது வருஷப் போராட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு, 25 வருட சர்வீஸ் போட்டவர்களுக்கு 50 சதவிகிதத்தை உறுதி செய்யும் திட்டம் ஒன்றை 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்தது.

ஆனால், அதற்குச் சில நாட்கள் முன்பு, 2025 மார்ச்சில், நிதி மசோதாவோடு சேர்ந்து இன்னொன்றும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஓய்வுபெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களைப் பிரிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்கிறது அது. அதுவும் 1972லிருந்தே உண்டாம்! இப்போது வாங்கும் பென்ஷன் எதுவும் மாறாது என்று நிதியமைச்சர் விளக்கம் சொன்னார். இருந்தாலும், செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த மண்டபம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பி வெளியே வந்தபோது, மலை உச்சியில் தீபம் தெரிந்தது. 13ம் தேதி ஏற்றியது, பதினோரு நாள் எரியும். பெரியவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

84 வயதுக்காரர் பஸ் ஏறுவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் வாங்க தம்பி. தேதி ஞாபகம் இருக்கும்ல?"