புளிப்பும் சோடாவும்: ஈனோ கேக்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று பரவிக் கிடக்கும் தொழிற்சாலைப் பட்டையில், பெண் தொழிலாளர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அறைகளில், யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு பழக் கேக் செய்யப்படுகிறது. ஓவன் கிடையாது. மிக்ஸி கிடையாது. இரண்டு பொட்டலம் பிஸ்கட்டை நொறுக்கி, பாலில் கரைத்து, கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போட்டு, ஒரு பிடி டூட்டி ஃப்ரூட்டி தூவி, கடைசியாக ஒரு ஈனோ பொட்டலத்தைக் கொட்டிக் கலக்குகிறார்கள். வெயிட்டும் ரப்பர் வளையமும் கழற்றிய குக்கரில் உப்பைப் பரப்பி, அதன்மேல் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, மாவுப் பாத்திரத்தை அதில் ஏற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். “உப்பி வந்துச்சுன்னா கேக்கு, வரலேன்னா களிக்கா” என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். ஈனோ விழுந்தபின் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அமிலமும் காரமும் ஈரம் பட்டவுடனே வேலையைத் தொடங்கிவிடும். வாயு வெளியேறிவிட்டால் மாவு எழாது. ஷிப்டுக்கு ஓடுபவர்களுக்கு ஏற்ற பண்டம்தான்.

இதைப் பற்றி வரலாறு எழுதுவது நம் சிறுபத்திரிகைச் சூழலில் அற்பமாகப் படலாம். ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்ற ஒரே சொல்லில் இதை மூடிவிடுவது நம் இடதுசாரி நண்பர்களுக்குப் பழக்கம். ‘பாரம்பரிய உணவை மறந்த தலைமுறை’ என்று வருந்துவது இயற்கை உணவு ஆர்வலர்களுக்குப் பழக்கம். இரண்டு வாசிப்புகளுமே பண்டத்தைப் பார்க்கின்றன. அதற்குள் அடைபட்டிருக்கும் நேரத்தைப் பார்ப்பதில்லை. ‘ஈஸி’ என்று நாம் சொல்வது யாருடைய நேரம், எங்கே மிச்சமாகி, யார் கைக்குப் போனது என்பதே என் கேள்வி.

2

வீட்டில் எல்லாமே கையால் செய்யப்பட்ட பொற்காலம் ஒன்று தமிழர்க்கு இருந்ததாகக் கொள்ள இலக்கியச் சான்று இடம் தராது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையே அப்பம் சுட்டு விற்கும் ‘கூவியர்’ என்ற தொழிலாளரைக் காட்டுகிறது. இந்தத் தொழிற்சாலைப் பட்டை இருப்பதும் அதே தொண்டை நாட்டில்தான். ஆக, கடைப் பண்டம் நமக்குப் புதிதில்லை. புதிதாக வந்தது, புளிக்க வைக்கும் நேரத்தை ஒழித்துவிட முடியும் என்ற எண்ணம்.

காஞ்சிபுரம் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகிறது. அதற்குமுன் மாவு ராத்திரி முழுக்கப் புளித்தாக வேண்டும். ஆப்பத்துக்குக் கள் விட்டுப் புளிக்க வைப்பது யாழ்ப்பாணத்திலும் கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் வழக்கம். புளிப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் உழைப்பு. அதை அவசரப்படுத்த முடியாது. லெவி-ஸ்ட்ராஸ் தம் சமையல் முக்கோணத்தில் பச்சை, வெந்தது, அழுகியது என்று மூன்று முனைகளை வைத்தார். அழுகுவதைப் பண்பாட்டின் பக்கம் இழுத்து வரும் அறிவே புளிக்க வைத்தல். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பெண்களின் அறிவு.

சமையல் சோடாவுக்குத் தமிழில் வழங்கும் பெயர் ஆப்ப சோடா. இந்தப் பெயரை ஒரு சிறு வரலாற்று ஆவணமாகவே வாசிக்கலாம். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு 1974இல் திரும்பியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. கள் சட்டத்துக்குப் புறம்பாகிப் போன ஊரில் ஆப்பத்தின் பெயரைச் சோடா தன்னுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரத்திலிருந்து இறங்கிய புளிப்பின் இடத்தில் ஆலையிலிருந்து வந்த உப்பு.

மேற்கிலும் இது நெடுங்கதை இல்லை. 1796இல் அமெரிக்காவில் வெளியான அமேலியா சிம்மன்ஸின் சமையல் நூலில், விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைப் போட்டு மாவை உப்ப வைக்கும் குறிப்புகள் உள்ளன. 1843இல் பர்மிங்காம் மருந்தாளுநர் ஆல்ஃபிரெட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக பேக்கிங் பவுடரை உருவாக்கினார். ஈஸ்ட் இல்லாமல் உடனடியாக எழும் இனிப்பு ரொட்டி வகை இப்படித்தான் வளர்ந்தது. நம் ஈனோ கேக் அதன் ஏழைத் தங்கை.

3

ஆனால் அன்பான கணவர்களின் கண்டுபிடிப்பாக மட்டும் இந்தக் கதையாடலை முடித்துவிட முடியாது. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், வேலைநாள் குறித்த இயலில், லண்டன் ரொட்டித் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்களுடைய வேலை இரவு 11 மணி வாக்கில் தொடங்கும். மாவு எழுவதற்காகக் காத்திருக்கும் சில மணி நேரமே தூக்கம், அதுவும் மாவு பிசையும் பலகையின்மேல். டிரெமென்ஹீர் 1862இல் அளித்த அறிக்கை இந்த நிலைமையையும் ரொட்டியில் நடந்த கலப்படத்தையும் வெளிக்கொண்டு வந்தது. 1863இல் சட்டம் வந்தது. அதே 1862இல்தான், ஈஸ்டே இல்லாமல் கரியமில வாயுவை அழுத்தி மாவை உப்ப வைக்கும் ஜான் டாக்லிஷின் முறையைக் கொண்டு ‘ஏரேட்டட் பிரெட் கம்பெனி’ லண்டனில் தொடங்கியது. மாவின் காத்திருப்பு நேரம் தொழிலாளிக்கு ஓய்வு நேரமாகவும் இருந்தது என்பதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். மாவு காத்திருக்காவிட்டால் ஆளும் உட்கார வேண்டியதில்லை.

சர்க்கரை பற்றிய தம் நூலில் சிட்னி மின்ட்ஸ் (1985) இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறார். பெண்கள் ஆலைக்குப் போனபோது ரொட்டியும் ஜாமும் சர்க்கரை போட்ட தேநீரும் பிரிட்டிஷ் தொழிலாளர் வீடுகளில் சமைத்த உணவின் இடத்தைப் பிடித்தன. விறகு மிச்சம், நேரம் மிச்சம். மிச்சமான நேரம் மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

‘ரெடி மிக்ஸ்’ என்பதன் பிறப்பும் இப்படியே. 1930களில் பிட்ஸ்பர்க் நகர டஃப் நிறுவனம், மிஞ்சிக் கிடந்த வெல்லப்பாகை உலர்த்தி மாவோடு சேர்த்து, தண்ணீர் விட்டால் போதும் என்ற கேக் பொட்டலத்துக்குக் காப்புரிமை கேட்டது. பண்டத்தைப் பிறப்பித்தது கிடங்கின் உபரி. பெண்ணின் அவசரம் பின்னால் விளம்பரத்தில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டுக்கு வந்த கோதுமையும் உபரிதான். அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு பி.எல். 480 சட்டத்தின்கீழ் 1956இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. 1965இல் நடுவண் அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்ற ரொட்டி நிறுவனத்தைத் தொடங்கியது. காய்ச்சல்காரர் பண்டமாக இருந்த ரொட்டி காலைச் சாப்பாடு ஆயிற்று. 2000இல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கு இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. உபரியை மக்கள் வாய்க்குப் பழக்கியது அரசு. பழகிய வாயைச் சந்தைக்கு ஒப்படைத்ததும் அதுவே.

4

இனி அறையில் செய்யும் கேக்கின் பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம். ‘டூட்டி ஃப்ரூட்டி’ என்றால் இத்தாலிய மொழியில் ‘எல்லாப் பழங்களும்’. பொட்டலத்தில் இருப்பதோ பப்பாளிக் காயை நறுக்கிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய துண்டுகள். ஈனோவின் முழுப் பெயர் ‘ஃப்ரூட் சால்ட்’, அதாவது பழ உப்பு. நியூகாசில் துறைமுகத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ 19ஆம் நூற்றாண்டில் விற்கத் தொடங்கிய வயிற்று மருந்து அது. உள்ளே சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும். குறிப்பான் பழத்தைச் சொல்கிறது, குறிப்பீட்டில் பழம் இல்லை. இந்தக் கேக்கில் பழம் என்று சொல்லத் தக்கது வாழைப்பழம் ஒன்றே. அதற்குத்தான் விளம்பரம் கிடையாது.

சிட்ரிக் அமிலம் ஒரு காலத்தில் எலுமிச்சையிலிருந்து வந்தது. ஜேம்ஸ் கரி 1917இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டி, சர்க்கரைக் கரைசலில் பூஞ்சையை வளர்த்து அதைப் பெரிய அளவில் எடுக்கத் தொடங்கினார்கள். அதாவது புளிப்பு ஒழிந்துவிடவில்லை. பானையிலிருந்து ஆலைத் தொட்டிக்கு இடம் மாறியிருக்கிறது. அம்மாவின் அடுப்படியில் ராத்திரி முழுக்க நடந்தது யாரோ தொழிலாளியின் ஷிப்டில் நடந்து, 5 கிராம் பொட்டலத்தில் வந்து சேர்கிறது. பிஸ்கட்டின் கதையும் இதேதான். ‘பிஸ்கட்’ என்ற சொல்லுக்கே இருமுறை வெந்தது என்று பொருள். அதை மூன்றாம் முறை வேகவைக்கிறார்கள். மாவு பிசைந்தது, சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்தது, சுட்டது எல்லாம் பிறர் உழைப்பு. மாவு ஒருமுறை வெந்து முடிந்தது என்பதால் புதிதாக வலைப்பின்னல் கட்டும் வலு அதற்கு இல்லை; அதனால்தான் கேக் அடர்த்தியாக, நொறுங்கும் பதத்தில் வருகிறது. குறுக்குவழி என்பது பிறருடைய நீண்ட வழியைப் பொட்டலம் கட்டியது.

பொட்டலத்துக்கும் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் விற்கத் தொடங்கியபோது, மாதச் சம்பளக்காரரின் பாட்டில் தினக்கூலியின் சில்லறைக்கு எட்டும் அளவுக்குச் சுருங்கியது. சேமித்து வைக்க அலமாரி இல்லாதவர்களின் அளவை அது.

5

இந்தப் பட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்து 2014இல் மூடிவிட்டுப் போனது. பாக்ஸ்கான் இருக்கிறது. மின்னணு ஆலைகளுக்கு வேண்டியிருந்தவை இளம் பெண்களின் கைகள், இரவிலும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை வேலை வாங்குவதைத் தடுத்தது. 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பாலினச் சமத்துவம் என்ற அளவில் தீர்ப்பின் வாதத்தை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தச் சமத்துவம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது, அடுப்படிவரை வரவில்லை.

2011இல் தமிழக அரசு குடும்ப அட்டை வைத்திருந்த வீடுகளுக்கு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியது. செய்யாறிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்த பெண்ணின் கிரைண்டர் அம்மா வீட்டில் இருக்கிறது. அரசின் சொல்லாடலில் பெண் என்றால் குடும்பத்துக்குள் இருப்பவள். விடுதிக் கட்டிலில் ஷிப்டு மாற்றித் தூங்குபவள் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் சோறும் படுக்கையும் செய்தியாயின. விடுதியும் உணவுக்கூடமும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது, வரவேற்கலாம். படுக்கைகளை எண்ணும் நாம் அடுப்புகளையும் எண்ணிப் பழக வேண்டும்.

தானே சமைக்க உரிமையில்லாத இடத்தில் குக்கரும் உப்பும் வைத்துக் கேக் சுடுவது என்ன வகைச் செயல்? மிஷேல் த செர்தோ (1980) சொல்லும் ‘தந்திரம்’ இதுதான்: இடம் அதிகாரத்துடையது, வாய்த்த கணம் மட்டும் எளியவருடையது. வயிற்று மருந்தை மருந்தாக இல்லாமல் மாவெழுப்பியாகவும், பிஸ்கட்டைப் பண்டமாக இல்லாமல் மாவாகவும் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். கம்பெனி எழுதிய பிரதியை இவர்கள் வேறு மாதிரி வாசிக்கிறார்கள். நுகர்வு என்று பேர் வைத்து நாம் ஒதுக்கும் இடத்தில் ஒரு உற்பத்தி நடக்கிறது. அதே சமயம் இதை எதிர்ப்பு என்று கொண்டாடிக் கைகழுவிவிடவும் கூடாது. அந்த முக்கால் மணி நேரமும் தூக்கத்திலிருந்து எடுத்தது.

2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மூன்றாம் நாளே நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடி அப்போது சரியாக 100 ஆண்டு. அந்த மசோதாவை எதிர்த்து நாம் எழுதியவற்றில் சம்பளமும் உடல்நலமும் இருந்தன. அரிசி ஊறப்போடும் நேரம் இல்லை. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்குள், மாவு தன் போக்கில் புளிக்கும்வரை காத்திருக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது. அதைப் பெற்றபின்பும் ஒரு பெண் ஈனோ கேக்கையே செய்ய விரும்பினால் செய்யட்டும். அன்றைக்குத்தான் அதை ‘ஈஸி’ என்று சொல்ல முடியும்.