கொள்ளளவிலிருந்து நிறைக்கு: வெடிமருந்து அளவையின் வரலாறு – செங்கலடிப் பின்புலத்தில் ஓர் ஆய்வு

சுருக்கம்

துவக்கின் தோட்டாவுக்குள் செல்லும் மருந்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் எடுப்பது எப்படி என்ற கேள்விக்குக் கடந்த பல நூற்றாண்டுகளில் கிடைத்த விடைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. இடியன் துவக்கின் கருமருந்திலிருந்து கைத்துப்பாக்கித் தோட்டாவின் உருண்டை மணி மருந்து வரை வந்த பாதையில், அளவைத் துல்லியம் அளப்பவரின் கையிலிருந்து மருந்து மணியின் வடிவத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் நிறுத்துச் சரிபார்க்கும் கடமை மனிதரிடமே எஞ்சியது என்பது இக்கட்டுரையின் முடிபு.

1. முன்னுரை

பேராதனையிலிருந்து பதுளை வழியாக வரும் ஏ5 நெடுஞ்சாலை செங்கலடியில் முடிகிறது. அந்த வீதியில் மேற்கே திரும்பினால் கறுப்புப் பாலம், கரடியனாறு, புல்லுமலை என்று வயலும் காடும் மாறி மாறி வரும். யானையும் பன்றியும் வேளாண்மைக்குள் இறங்கும் இந்நிலப்பரப்பில் காவற்பரணும் துவக்கும் பயிர்த்தொழிலோடு ஒட்டியே இருந்துவந்தன. இங்கு பழகிய துவக்கு இடியன். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்போ பழந்துணியோ வைத்துக் கோலால் இடித்து, சன்னமிட்டு மீண்டும் அடைப்பார்கள். எவ்வளவு மருந்து என்பதைத் தீர்மானித்தது சுடுபவரின் கைதான்.

இன்றைய கைத்துப்பாக்கித் தோட்டாவை மறுநிரப்பும் போட்டிச் சுடுநர்கள் உலகின் பல நாடுகளில் உள்ளனர். மருந்து வாங்கும்போது அவர்கள் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, அளவைக் கருவியில் அது சீராக இறங்குமா என்பது. இடியன்காரரின் கைக்கணக்கையும் போட்டிச் சுடுநரின் இந்தக் கேள்வியையும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாக இக்கட்டுரை பார்க்கிறது.

2. கருமருந்துக் காலம்: கொள்ளளவு போதுமாயிருந்தது

மட்டக்களப்பு வயற்காரருக்கு முகத்தலளவையின் இயல்பு தெரியும். மரைக்காலில் நெல்லைக் குவித்து அளந்தால் ஓர் அளவு, தலை வழித்து அளந்தால் வேறோர் அளவு, குலுக்கி அளந்தால் இன்னோர் அளவு. கொள்கலம் மாறுவதில்லை, மணிகள் அடையும் நெருக்கம் மாறுகிறது. வெடிமருந்தைக் கொள்ளளவால் அளப்பதன் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கும்.

தொடக்கக்கால ஐரோப்பிய வெடிமருந்து மாவாகவே இருந்தது. வண்டியில் கொண்டுசெல்லும்போது வெடியுப்பும் கந்தகமும் கரியும் பிரிந்தன. கோலால் அழுத்தும் வலுவுக்கேற்ப எரிவு மாறியது. பதினைந்தாம் நூற்றாண்டில் கலவையை ஈரமாக்கிக் கட்டியாக்கி, உடைத்துச் சல்லடையில் சலித்து மணிகளாக்கும் முறை பரவியது. மணியாக்கம் மருந்தின் வேகத்தைக் கூட்டியது என்பதே பெரிதும் பேசப்படுகிறது. ஒரே பருமனுள்ள மணிகள் ஒரே மாதிரி அடைந்து, கொள்ளளவை நம்பத்தக்கதாக்கின என்பது அதற்கு ஈடான பயன்.

பதினேழாம் நூற்றாண்டுக் காலாட்படையினர் ஒரு வெடிக்குரிய மருந்தை முன்கூட்டியே அளந்து, மரச்சிமிழ்களில் அடைத்துத் தோள்வாரில் தொங்கவிட்டனர். பின்னர் காகிதத் தோட்டா வந்தது. போர்க்களப் பதற்றத்தில் கை தவறும் என்பதால், அளக்கும் வேலையைக் களத்திலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றிய முதற்படிகள் இவை.

நம் பகுதியும் இந்த வரலாற்றுக்குள் அப்போதே வந்துவிட்டது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிமுடித்த மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். அந்த நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பனிக்குச் சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை இருந்தது. வங்கக் கடலைச் சுற்றிய அதன் நிலையங்களுக்கும் கப்பல்களுக்கும் அங்கிருந்து மருந்து சென்றது. கண்டி நாட்டிலோ உள்ளூர் உற்பத்தியே நிலவியது. 1821இல் வெளியான தம் நூலில் மருத்துவர் ஜோன் டேவி, மலைக்குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கும் முறையைப் பதிவுசெய்துள்ளார்.

மருந்தின் வலுவை அளக்கும் முயற்சியும் உடன் வளர்ந்தது. 1742இல் ஆங்கிலேயரான பெஞ்சமின் ரொபின்ஸ், தொங்கும் கட்டையில் குண்டைப் பாய்ச்சி, கட்டை விலகும் தூரத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்தார். ஒரே அளவு மருந்து ஒரே வேகத்தைத் தருகிறதா என்பதை எண்ணால் கேட்க முடிந்தது அப்போதுதான்.

பிரித்தானியர் காலத்து இலங்கையில் அளவுகள் எவ்வளவு பெரியவையாக இருந்தன என்பதற்குச் சாமுவேல் பேக்கர் சான்று. இத்தீவில் யானை வேட்டையாடிய அவர், 1850களில் எழுதிய நூலில் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்துகொடுத்த 21 இறாத்தல் எடையுள்ள தம் ரைஃபிளுக்கு 16 டிராம் மருந்திட்டதாகக் குறிப்பிடுகிறார். இங்கு டிராம் என்பது பழைய ஆங்கில நிறை அலகு. 16 டிராம் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம். அந்தக் குவியலில் அரைக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டு வீதத்துக்குள்தான் மாற்றம். மேலும், அழுத்தம் ஏறும்போது கருமருந்தின் எரிவேகம் புகையற்ற மருந்தினது போலப் பாய்ந்து ஏறுவதில்லை. அளப்பவரின் சிறு பிழையைப் பொறுக்கும் மருந்து அது. இடியனுக்குக் கைக்கணக்கு ஓரளவு ஈடுகொடுத்ததற்கு இதுவே காரணம்.

3. புகையற்ற மருந்து: பழைய அளவை பொய்த்த காலம்

1864 அளவில் பிரஷ்யப் படை அதிகாரி ஷூல்ட்ஸே, மரத்தூளை நைத்திரேற்றிப் புதிய மருந்து ஒன்றை உருவாக்கினார். வேட்டைத் துவக்குக்கு ஏற்ற இவ்வகை மருந்துகள் கருமருந்தின் அதே கொள்கலத்தால் அளக்கும்படி அமைந்தன. 1884இல் பிரான்சின் போல் வியேல் படைத் துவக்குக்கான புகையற்ற மருந்தை ஆக்கினார். 1887இல் நோபெலின் பலிஸ்டைட் வந்தது. 1889இல் ஏபலும் டூவரும் பிரித்தானியாவுக்காகக் கோர்டைட்டை வடிவமைத்தனர். இவை அடர்ந்த மருந்துகள். கொஞ்சத்திலேயே பெருவலு உள்ளவை. கருமருந்து அளந்த அதே கொள்கலத்தில் அடர்ந்த மருந்தை நிறைத்தவர்களின் துவக்குகள் வெடித்துச் சிதறின. புகையற்ற மருந்தில் அழுத்தம் ஏற எரிவேகம் ஏறும். எரிவேகம் ஏற அழுத்தம் மேலும் ஏறும். பிழையைப் பொறுக்கும் குணம் அதற்கு இல்லை. கொள்ளளவுக்குப் பதிலாக நிறையே சட்டமாக வேண்டிய காலம் இப்படிப் பிறந்தது.

தமிழ் நிலத்தில் இந்த மாற்றத்தின் தடம் நீலகிரியில் இருக்கிறது. குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் அருகே அருவங்காட்டில், 1900களின் தொடக்கத்தில் பிரித்தானிய இந்திய அரசு கோர்டைட் தொழிற்சாலையை நிறுவியது. கோர்டைட்டின் வடிவமே அளவைச் சிக்கலுக்கு ஒரு விடையாக இருந்தது. அது மணியன்று, இழை. .303 தோட்டாவுக்கு ஒரே தடிப்புள்ள இழைகளை ஒரே நீளத்துக்கு வெட்டிக் கட்டாகச் செருகினார்கள். தோட்டாவின் உலோக உறையான கோதின் கழுத்து குறுகியது என்பதால் மருந்தைச் செருகிய பிறகே கழுத்தைச் சுருக்கினார்கள். இழையின் தடிப்பும் நீளமும் எண்ணிக்கையும் சேர்ந்து நிறையைத் தீர்மானித்தன. தொழிற்சாலைக்கு இது பொருந்தியது. சுட்ட கோதை வீட்டில் மறுபடி நிரப்ப விரும்பியவருக்கு முற்றிலும் பொருந்தவில்லை.

4. கைத்துப்பாக்கித் தோட்டாவின் தனிச்சிக்கல்

தோட்டா மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். 7000 கிரெயின் ஓர் இறாத்தல். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். .303 தோட்டாவில் 30 கிரெயினுக்கு மேல் மருந்து உண்டு. சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் அது நாலைந்து கிரெயின் மட்டுமே. 0.3 கிரெயின் பிழை நேர்ந்தால், முன்னதில் ஒரு வீத அளவிலான மாற்றம். ஐந்து கிரெயின் இடும் தோட்டாவில் ஆறு வீதம். கருவியும் கையும் ஒன்றாக இருந்தும், மருந்தளவு சிறுத்ததால் மட்டும் பிழையின் எடை ஆறேழு மடங்காகிறது.

இதற்கு நேரெதிரான இடரும் உண்டு. .38 ஸ்பெஷல் போன்ற ரிவோல்வர்த் தோட்டாக்களின் நீண்ட கோது கருமருந்துக் காலத்தின் எச்சம். அதில் வேகமாக எரியும் புகையற்ற மருந்து அடியில் சிறிதளவே கிடக்கும், மேலே வெற்றிடம். கவனக்குறைவால் இருமுறை மருந்து விழுந்தாலும் கோது வழியாது, கண்ணும் எளிதில் காட்டிக்கொடுக்காது. சுழற்கலன் பிளந்த விபத்துகளுக்கு இரட்டை நிரப்பல் முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆகவே கைத்துப்பாக்கி மருந்தில் இரண்டு குணங்கள் தேவைப்பட்டன: சீராக இறங்க வேண்டும்; இயன்றவரை கோதை நிறைத்துக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இவ்விரண்டும் எப்போதும் ஒரே மருந்தில் அமைவதில்லை. அடர்ந்து சீராக இறங்கும் மருந்து கோதில் குறைந்த இடம் பிடிக்கிறது. பருத்த சில்லு மருந்து கோதை நிறைக்கிறது, ஆனால் கருவியில் சிக்குகிறது. மறுநிரப்புநரின் தேர்வு இந்த இழுபறிக்குள்தான் நடக்கிறது.

5. சில்லும் உருண்டையும்

1898இல் அமெரிக்காவில் லாஃப்லின் அண்ட் ராண்ட் கம்பனி புல்ஸ்ஐ என்ற கைத்துப்பாக்கி மருந்தைக் கொண்டுவந்தது. 1900இல் யுனீக் வந்தது. இரண்டும் சில்லு வடிவின. புல்ஸ்ஐயின் சில்லுகள் நுண்ணியவை. கருவியில் தாராளமாக இறங்கின. யுனீக்கின் சில்லுகள் பருத்தவை; அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பாலம் கட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அதே காலத்தில் ஐடியல் கம்பனி விற்ற சுழல் உருளை அளவைக் கருவி வீடுகளுக்குள் வந்தது. மேலே தொட்டி, நடுவில் அறை குடைந்த உருளை, கீழே குழாய். கைப்பிடியை ஒரு முறை சுழற்றினால் ஓர் அறை மருந்து விழும். உருளை அளப்பது கொள்ளளவைத்தான். நிறையைச் சட்டமாகக் கொண்ட காலத்தில், வேகம் கருதி மனிதர் மீண்டும் கொள்ளளவை நாடினர். இம்முறை அந்தக் கொள்ளளவு நிறைக்கு உண்மையாக இருக்க வேண்டிய பொறுப்பு மணியின் வடிவத்தின்மீது விழுந்தது.

1933இல் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பனியில் ஃபிரெட் ஓல்சன் உருவாக்கிய உருண்டை மணி மருந்து இப்பொறுப்பை ஏற்றது. முதலாம் உலகப்போரில் எஞ்சிப் பழுதடைந்துவந்த மருந்துக் குவியலை மீட்டெடுக்கும் முயற்சியில் பிறந்தது அது. நைத்திரோசெல்லுலோசைக் கரைப்பானில் இளக்கி நீருக்குள் கலக்கும்போது, அது துளித்துளியாகத் திரண்டு உருண்டைகளாகிறது. உருண்டைகள் குறைந்த உரசலோடு உருண்டு, அறையை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் நிறைக்கின்றன. எரிவேகத்தை மாற்ற அவற்றை உருளைகளுக்கிடையே சற்றுத் தட்டையாக்குவதும் உண்டு. மேற்பூச்சாக இடும் கிராஃபைட் மணிகள் வழுக்கி இறங்க உதவுகிறது. நிலைமின்னேற்றம் தேங்காமலும் காக்கிறது.

6. தேர்வின் அளவுகோல்கள்

இந்த வரலாறு தேர்வுக்கு நான்கு அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது மணியின் வடிவமும் பருமனும்: உருண்டையும் நுண்சில்லும் சீராக இறங்கும், பருஞ்சில்லும் நீள்குச்சியும் தடுமாறும். இரண்டாவது, அடர்த்தியும் கோதின் கொள்ளளவும் பொருந்துவது. மூன்றாவது, அந்தத் தோட்டாவுக்கு மருந்து உற்பத்தியாளர் சோதித்து வெளியிட்ட அளவு அட்டவணை இருப்பது. ஒரு மருந்தின் அட்டவணை இன்னொன்றுக்கு ஒருபோதும் செல்லாது. நான்காவது, தராசில் நேர்ச்சோதனை: கருவியிலிருந்து தொடர்ந்து விழும் பத்து அளவுகளைத் தனித்தனியே நிறுத்து, மிகக்கூடியதற்கும் மிகக்குறைந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது. சராசரி மட்டும் ஏமாற்றும். ஒன்று கூடி ஒன்று குறைந்தாலும் சராசரி சரியாகவே நிற்கும். துவக்கின் அறையோ ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியே தாங்குகிறது.

தொட்டியில் மருந்தின் மட்டம், கைப்பிடியை இழுக்கும் வேகம், மேசையின் அதிர்வு ஆகியவையும் நெருக்கத்தை மாற்றும். எனவே வடிவம் எவ்வளவு நன்றாயினும் அளப்பவரின் ஒழுங்கு தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

7. கடலேரிக் காற்றும் சட்டமும்

மட்டக்களப்பின் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மருந்துக்குக் காற்றின் ஈரமே எதிரி. ஈரம் ஏறிய கருமருந்து கட்டிபட்டு மணியொழுங்கை இழக்கிறது. புகையற்ற மருந்தும் ஈரத்தை ஏற்று நிறையும் எரிவேகமும் மாறக்கூடியது. காற்றுப்புகாக் கலத்தில், வெயில் படாமல், உற்பத்தியாளரின் மூலக்கலத்திலேயே வைத்திருக்கும் விதி இதனாலேயே எழுந்தது.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் துவக்கையும் மருந்தையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்துள்ளன. இவற்றின் அவசியத்தைச் செங்கலடிப் பகுதி பெரும் விலைகொடுத்து அறிந்தது. 2010 செப்டெம்பர் 17இல் கரடியனாறு பொலிஸ் நிலைய வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த, வீதி வேலைக்கான வெடிபொருட்கள் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது பாறை உடைக்கும் வெடிபொருள், தோட்டா மருந்து அல்ல. எனினும் எவ்வளவு, எங்கே, எப்படி என்ற கேள்விகளில் தளர்வு கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

8. முடிவுரை

மணியாக்கம், மரச்சிமிழ், இழை, சில்லு, உருண்டை என ஒவ்வொரு படியும் மனிதப் பிழைக்கான இடத்தைக் குறைத்தது. அதே வேளை, மருந்தின் வலு கூடக் கூட, எஞ்சிய பிழையின் விளைவு பெரிதானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சீராக இறங்கும் மருந்தைத் தேர்வது பாதுகாப்பின் முதற்பாதி. ஒவ்வொரு கோதையும் கண்ணால் பார்ப்பதும் தராசால் சரிபார்ப்பதும் மறுபாதி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இந்த வரலாற்றின் மேலைநாட்டுப் பகுதி நன்கு பதிவாகியிருக்கிறது. மட்டக்களப்புக் கடலேரிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயற்காவலர்களின் இடியன் மரபு அப்படிப் பதிவாகவில்லை: எந்தக் கலத்தால் அளந்தார்கள், மழைக்காலத்தில் மருந்தை எதில் காத்தார்கள், பிழைத்த வெடிகளிலிருந்து என்ன கற்றார்கள் என்பவை முதியவர்களின் நினைவில்தான் உள்ளன. செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வரலாற்று மாணவர்கள் இந்த வாய்மொழித் தரவுகளைத் திரட்டினால், நம் வேளாண் வரலாற்றில் விடுபட்ட ஓர் அத்தியாயம் எழுதப்படும். அந்தத் தலைமுறை இருக்கும்போதே இப்பணி தொடங்க வேண்டும்.