ஜிசிசியும் சி++ நிரலக ஒத்திசைவும்

ஒரு கம்பைலர் பதிப்பில் உருவான பகிர்வு நிரலகம், வேறு பதிப்பில் உருவான நிரலோடு ஓட வேண்டுமானால், சார்புகளின் பெயரைக் குறியிடும் முறை, பொருள்கள் நினைவகத்தில் அமையும் விதம், பிழை எறியும் முறை ஆகிய மூன்றிலும் இரண்டும் உடன்பட வேண்டும். இந்த உடன்பாடே ஏபிஐ (ABI). ஜிசிசி கம்பைலரின் சி++ பகுதிக்கு இது எளிதில் கைகூடவில்லை. 2000இல் ரெட் ஹேட் லினக்ஸ் 7.0 தந்த ஜிசிசி 2.96, ஜிசிசி திட்டம் வெளியிடாத பதிப்பு. அதில் உருவான சி++ நிரலகங்கள் 2.95க்கும் ஒட்டவில்லை, 3.0க்கும் ஒட்டவில்லை. 2001இல் வந்த 3.0, இட்டேனியம் செயலிக்காக வகுத்த ஏபிஐயை ஏற்றது. ஆனாலும் ஒத்திசைவு முறியும்போது மாறும் எண், சி++ அடிப்படை நிரலகத்தில் 2004க்குள் 3, 4, 5, 6 என ஏறியது. 3.4 பதிப்பில் வந்த 6 அதன்பின் மாறவில்லை.

எண் மாறாததால் ஒத்திசைவு முழுமை என்று கொள்ளக் கூடாது. பழைய நிரல் புதிய நிரலகத்தில் ஓடும் என்பது மட்டுமே உறுதி. ஜிசிசி 5இல் உருவான நிரலைப் பழைய கணினியில் இயக்கினால், ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்_3.4.21 என்ற பதிப்புக் குறி அங்குள்ள நிரலகத்தில் இல்லை என்று அது தொடங்கவே மறுக்கலாம். உண்மையான சோதனை 2015இல் அந்த ஜிசிசி 5உடன் வந்தது. எழுதும்போது மட்டும் நகலெடுக்கும் சரங்களுக்கு சி++11 தரம் இடமளிக்கவில்லை. அதனால் சரத்தின் அமைப்பு மாறி, 64 பிட் கணினியில் 8 பைட் பிடித்த சரம் 32 பைட் ஆயிற்று. எண்ணை 7 ஆக்காமல், பழைய சரத்தையும் புதியதையும் வெவ்வேறு பெயர்களில் ஒரே நிரலகத்தில் வைத்தார்கள். டெபியன் லினக்ஸ் எப்படியும் ஏராளமான தொகுப்புகளை மறுபடி உருவாக்க வேண்டியிருந்ததே, எண்ணையே மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். மாற்றியிருந்தால் ஒரே நிரலுக்குள் 6உம் 7உம் சேர்ந்து ஏறி மோதியிருக்கும். மூலநிரல் கிடைக்காத பழைய மென்பொருள்களுக்கும் விடிவு இருந்திருக்காது. பெயர் வேறுபட்டதால், சரத்தை நேரடியாக வாங்கும் சார்பில் முரண்பாடு இணைக்கும்போதே பிடிபட்டது.

இதிலும் ஓட்டை உண்டு. சரத்தை உறுப்பாகக் கொண்ட கட்டமைப்பைச் சார்புக்கு அனுப்பினால், குறியிட்ட பெயரில் சரம் தெரியாது. பிழையின்றி இணைந்து, ஓடும்போதுதான் உடையும். பல கம்பைலர் பதிப்புகளுக்குப் பொதுவான நிரலகம் தருவோர், வெளிமுகத்தை சி மொழி வடிவிலேயே வைப்பது இதனால்தான்.