மதிப்பெண்ணும் திரைப்படமும்

திரைப்படத்தை எண்ணால் அளக்கும் வழக்கம் நெடுநாளையது. 1928 சூலை 31 அன்று நியூயார்க்கின் 'டெய்லி நியூஸ்' நாளேட்டில் ஐரீன் தைரர் என்னும் அம்மையார் விண்மீன் குறியிட்டுப் படங்களை மதிப்பிடத் தொடங்கினார். மூன்று விண்மீன் பெற்றது மிகச் சிறந்தது. அன்று ஒரு படத்துக்குக் கிட்டியது ஒன்றே.

தமிழில் ஆனந்த விகடன் நூற்றுக்கு மதிப்பெண் இட்டது. 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' 62.5 பெற்றது. (அந்த அரை மதிப்பெண்ணை எந்தத் தராசில் நிறுத்தார்களோ!) படப்பிடிப்பு அரங்கைத் துறந்து சிற்றூருக்குச் சென்ற பாரதிராஜாவின் முதற்படம் அது. புதிய இயக்குநர் ஒருவருக்கு அத்தகைய எண் நல்லதோர் அறிமுகம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின், எண்ணைக் கண்டு ஒரு படத்தை ஒதுக்குவது வேறு. பாடலே இல்லாத 'அந்த நாள்' 1954இல் மக்களிடம் தோற்றது. தேசிய விருதில் தகுதிச் சான்று பெற்றது. அன்று கொட்டகை வாயிலில் மதிப்பெண் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

1998இல் தோன்றிய 'ராட்டன் டொமேட்டோஸ்' விழுக்காடோ, விமர்சகர் எத்தனை பேர் விரும்பினர் என்றே எண்ணுகிறது. எவ்வளவு விரும்பினர் என்று அன்று. அனைவரும் 'பரவாயில்லை' என்ற படம் நூறு பெறலாம். பாதிப்பேர் கொண்டாடி, மீதிப்பேர் தூற்றிய படம் ஐம்பதில் நிற்கும். நான் முதலில் காண விழைவது அந்த ஐம்பதையே.