திருப்பி அனுப்பும் ஜெட்



பைக் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், அமெரிக்காவில் டிராக் ரேஸ் பைக்குகளில் ஜெட்டைப் பெரிதாக்கினால் எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் குறையும் என்கிறார்கள். நாங்கள் கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டால் பெட்ரோல் கூடுகிறதே, எது சரி?"

இரண்டும் சரிதான். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். பதிவு நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓடும் போட்டி. வளைவு கிடையாது. அமெரிக்க இளைஞர்கள் பொதுச்சாலையில் போட்டி போட்டு உயிரை விடுவதைத் தடுத்து அவர்களைத் தனி ஓடுபாதைக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஸ்டூவர்ட் ஹில்போர்ன். பெயின்ட் தொழிற்சாலையில் வேதியியல் வேலை பார்த்தவர். கார்புரேட்டரில் எரிபொருளை இழுப்பது காற்றின் உறிஞ்சல். காற்று வேகமாகப் போனால்தான் ஜெட் வழியே எரிபொருள் ஏறும். அதற்காகக் காற்றுக்குழாயைக் குறுக்க வேண்டும். குறுக்கினால் காற்றே குறைகிறது. இந்தச் சிக்கலை ஹில்போர்ன் வேறு வழியில் அவிழ்த்தார். எஞ்சினே சுழற்றும் ஒரு பம்ப் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் காற்றுக்குழாயிலும் ஒரு சிறு முனை வழியாக எரிபொருளை இடைவிடாமல் பீய்ச்சினார். 1948-இல் அவருடைய கார் மணிக்கு 150 மைலைத் தாண்டியது. 1952-இல் இண்டியானாபோலிஸ் 500 போட்டியை வென்ற காரில் இருந்ததும் அவருடைய அமைப்புதான்.

மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அந்தப் பம்ப் எப்போதும் தேவைக்கு மேலேயே எரிபொருளைத் தள்ளும். மிச்சத்தைத் தொட்டிக்கே திருப்பி அனுப்ப ஒரு குழாய் உண்டு. அந்தத் திரும்பும் குழாயில் நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோக வில்லை இருக்கும். அதற்கு ஓட்டிகள் வைத்த செல்லப்பெயர் 'பில்', மாத்திரை. துளை பெரிதானால் தொட்டிக்குத் திரும்புவது அதிகம், எஞ்சினுக்குப் போவது குறைவு. துளை சிறிதானால் எஞ்சின் ரிச்சாக ஓடும். உங்கள் கார்புரேட்டர் ஜெட் உள்ளே விடுவதை அளக்கிறது, இந்த ஜெட் வெளியே திரும்புவதை அளக்கிறது.  துளையின் அளவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் மாற்றுவார்கள்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? எரிபொருள் மாறிவிட்டதால்தான். பெட்ரோலுக்குப் பதில் நைட்ரோமீத்தேன் வந்தது. எரிதல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். பெட்ரோலில் உள்ள ஆக்டேன் இரண்டு மூலக்கூறு எரிய 25 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். நைட்ரோமீத்தேன் நான்கு மூலக்கூறு எரிய மூன்று போதும். ஏனென்றால் அது தன் மூலக்கூறிலேயே இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று தேவை, ஒரு கிலோ நைட்ரோமீத்தேனுக்குச் சுமார் 1.7 கிலோ. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அதன் வெப்பம் பெட்ரோலில் நான்கில் ஒரு பங்குதான். ஆனால் அதே அளவு காற்றில் எட்டு மடங்குக்கு மேல் எரிக்கலாம். அதனால் மொத்த வெப்பம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

எட்டு மடங்கு எரிபொருளை நொடிக்கு நொடி சரியாகக் கொடுப்பதுதான் சிரமம். குறைந்தால் எஞ்சினுக்குள் தாறுமாறாக வெடித்து பிஸ்டன் உருகும். கூடினால் பிளக்கில் பொறி அணைந்துபோகும், எரியாத திரவம் சிலிண்டரில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது என்று படித்தோம் அல்லவா? ஏறி வரும் பிஸ்டன் அந்தத் திரவத்தில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் எஞ்சினே பிளக்கும். கார் ஓட்டுபவருக்கு எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே தகடும் கூண்டும் உண்டு. பைக் ஓட்டுபவர் எஞ்சின் மேலேயே படுத்திருக்கிறார்.

1969-இல் ஹோண்டா சிபி750 வந்தது. 736 சிசி, நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர். கலிபோர்னியாவில் ஆர்சி எஞ்சினியரிங் என்ற பட்டறை நடத்திய ரஸ் காலின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். சிபி750 எஞ்சின்கள் மூன்றை வரிசையாக ஒரே சட்டத்தில் பூட்டி, 12 சிலிண்டர் வண்டி ஒன்று கட்டினார். ரயில்போல நீளமாக இருந்ததால் 'அட்சிசன், டொபீக்கா அண்ட் சாண்டா ஃபே' என்று ஒரு ரயில்வேயின் பெயரையே வைத்தார். நைட்ரோமீத்தேன் பீய்ச்சி ஓடிய அந்த வண்டி 1970-களின் நடுவில், பைக்குகளில் முதன்முதலாகக் கால் மைலை எட்டு வினாடிக்குக் கீழே கடந்தது. பன்னிரண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவாகப் பங்கு போவது எவ்வளவு பெரிய வேலை என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1976-இல் ஓஹையோவின் ஏக்ரனில் அந்த வண்டி விபத்தில் சிதைந்தது. காலின்ஸுக்குப் பலத்த காயம். தேறி வந்தவர் 'சார்சரர்' என்ற அடுத்த வண்டியில் எஞ்சினை இரண்டாகக் குறைத்து, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்தார். 7.30 வினாடி, மணிக்கு 199.55 மைல். எஞ்சின் ஒன்று குறைந்தும் வேகம் கூடியது. காற்றும் எரிபொருளும் எவ்வளவு உள்ளே போகின்றன என்பதுதான் கணக்கு, எஞ்சின் எத்தனை என்பது அல்ல.

ஓட்டத்துக்கு முன் இவர்கள் செய்யும் வேலையைப் பார்த்தால் நம் பள்ளி ஆய்வகம் நினைவுக்கு வரும். நைட்ரோமீத்தேனில் மெத்தனால் கலப்பார்கள். கலவையின் விகிதத்தைச் சரிபார்க்க, பால்காரரிடம் பால்மானி போடுவதுபோல அடர்த்திமானியை மிதக்கவிடுவார்கள். திரவத்தின் வெப்பநிலை மாறினால் அடர்த்தியும் மாறும், அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் குறிப்பார்கள். உயரமான ஊரில் காற்று மெலிது, ஆகவே அங்கே திரும்பும் துளையைப் பெரிதாக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்து, எந்த சிலிண்டர் சூடாக ஓடியது, எது நனைந்தது என்று படிப்பார்கள். எல்லாம் நோட்டில் ஏறும். அடுத்த ஓட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பம்ப் எஞ்சின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் தள்ளும். எஞ்சினோ ஒரு கட்டத்துக்கு மேல் சுற்றுக்குச் சுற்று குறைவாகத்தான் காற்றை இழுக்கும். ஆகவே உச்ச வேகத்தில் எரிபொருள் மிஞ்சிவிடும். அதற்காக, அழுத்தம் குறிப்பிட்ட அளவு ஏறியதும் ஸ்பிரிங் தானாகத் திறந்து விடும் இரண்டாவது திரும்பும் வழி ஒன்றைச் சேர்த்தார்கள்.

இந்த வரலாற்றில் துயரமும் உண்டு. தன் வண்டியைத் தானே கட்டி, தானே ஓட்டிச் சாதனைகள் படைத்த எல்மர் டிரெட் 1996-இல் இண்டியானாபோலிஸில் ஓட்டத்தின்போதே இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1999-இல், லாரி மெக்பிரைட் கால் மைலை ஆறு வினாடிக்குள் கடந்த முதல் பைக் ஓட்டியானார். வண்டியை டியூன் செய்தவர் அவருடைய தம்பி ஸ்டீவ். மேலே படுத்திருப்பது அண்ணன், ஜெட்டைத் தேர்ந்தெடுப்பது தம்பி. அந்தச் சின்னத் துளையை அவர் எவ்வளவு கவனமாக அளந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

ரஸ் காலின்ஸ் பிற்காலத்தில் ஓட்டுவதை விட்டு, மின்னணு இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் எவ்வளவு எரிபொருள் விடுகிறது என்று அளந்து தரும் தொழிலில் இறங்கினார். அவருடைய பட்டறை அதற்கே பெயர் பெற்றது. 2014-இல் மறைந்தார்.

வண்டியைத் தட்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அளந்து, குறித்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கட்டும். ஓட்டிப் பார்ப்பதை மட்டும் பொதுச்சாலையில் செய்ய வேண்டாம்.

பட்டறை அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். கேட்ட மாணவருக்கு விடை கிடைத்ததா என்றும் சொல்லட்டும்.